பெரியப்பாவின் வேட்டியில் ஏறிய கொம்பன்

ஒருவன் தன்னைத்தானே கலைஞன் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டால், அவனைச் சுற்றியிருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், வீட்டிலுள்ள வெள்ளைத் துணிகளை எல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதான். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. வந்திருந்தால் என் தங்கையின் கல்யாணம் எல்லோர் வீட்டுக் கல்யாணத்தையும் போல நடந்து முடிந்திருக்கும்.

நான் மூணாறுப் பக்கத்துச் சூரியநெல்லிக்காரன்; தேயிலை எஸ்டேட்டில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருப்பு. சின்னக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. ஊரடங்கில் விடுதி மூடிக் கிடந்தபோது, அறைச் சாவிகளைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய், போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். அதில்தான் லினோ அச்சு கண்ணில் பட்டது. தரைவிரிப்பு மாதிரித் தடித்த ஒரு தகடு. அதன்மேல் படம் வரைந்து, சின்ன உளியால் செதுக்கி, ரோலரால் மை உருட்டி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்க வேண்டும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக நிற்கும். விட்டுவைத்த இடம் கறுப்பாக விழும். முழுப் படமும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழும். இவ்வளவுதான் விஷயம். வீடியோவில் வந்த வெள்ளைக்காரர் இதைச் செய்யும்போது அவருக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. நம்ம ஊரில் இல்லாத மழையா என்று தோன்றிவிட்டது.

ஆன்லைனில் தகடும் உளிகளும் வந்து சேர்ந்தன. முதலில் மாட்டுப்பட்டி அணையைச் செதுக்கினேன். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், கையைக்கூடக் கழுவாமல் வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம லயத்துத் தண்ணித் தொட்டிதான. நல்லாத்தான் இருக்கு. அந்த விரிசலையும் போட்ருக்கலாம்ல" என்றாள்.

அடுத்து வரையாடு. பாறை நுனியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் கம்பீரமான வரையாடு. "கெடா நல்லா வந்துருக்குடா. எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார் அப்பா. அதற்கடுத்துச் செதுக்கிய மலையணிலைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. (பெருச்சாளி என்றார்.)

இதோடு நிறுத்தியிருப்பேன். விடுதி திறந்த பிறகு, மேலாளர் என் வரையாட்டுப் படத்தைச் சட்டம் போட்டுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டினார். சுவரில் ஈரக்கசிவு தெரிந்ததால் மாட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அங்கே தங்கிய ஒரு பெண்மணி அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு, "யார் செய்தது இது?" என்று கேட்டார். அன்று முதல் என் தலையின் சுற்றளவு கூடிப்போயிற்று. படங்களின் மூலையில் 'மா.செ.' என்று செதுக்க ஆரம்பித்தேன். மாரியப்பன் மகன் செல்வக்குமார். எழுத்துகளையும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும் என்பதால், அணிலைவிடக் கையெழுத்துக்கு அதிக நேரம் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மலர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் சதீஷுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. சதீஷ் குடும்பம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பு, மாடு கன்று என்று வசதியான குடும்பம். அவன் அப்பா சாதுவான மனிதர். ஆனால் அந்த வீட்டில் எதற்கும் வாய் திறக்க வேண்டியவர் அவருடைய அண்ணன் வேலுச்சாமி. எல்லோருக்கும் பெரியப்பா. பெண் பார்க்க எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தபோது, நல்லது கெட்டது எதுவும் பேசவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், டீயைக் குடித்தார், தலையை மட்டும் ஆட்டினார். அவர் கட்டியிருந்த வேட்டியைப்போன்ற வெள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவும் அம்மாவும் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அது ஒரு சவாலாகப் பட்டது. தாம்பூலப் பைகளை நானே அச்சடிப்பது என்று முடிவு செய்தேன். காடாத் துணிப் பை. பின்னால் கொழுக்குமலை முகடு, நடுவில் தேயிலைச் சரிவு, முன்னால் ஒரு கொம்பன் யானை, மூலையில் என் கையெழுத்து. மணமக்கள் பெயர் வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, "கலையே பேசும்மா" என்றேன். (இப்போது இந்த வரியை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.)

அப்பாவுக்கு யானை பிடிக்கவில்லை. "வேணாம்டா. போன மாசந்தான் கேண்டீன் செவுத்த இடிச்சிட்டு மாவு மூட்டையத் தூக்கிட்டுப் போயிருக்கு. நாம ராத்திரி வெளிய போகப் பயந்து கெடக்கோம். நீ அதயே பையில போட்டு ஊரூராக் குடுக்கப் போறேங்கற" என்றார்.

மலர் போனில் கெஞ்சினாள். "அண்ணே, சும்மா சாமி படம் போட்ட பை கடையில வாங்கிரலாம்ணே. அவங்க பெரியப்பா ஒரு மாதிரி. ஏற்கெனவே மலைக்காரங்க, எஸ்டேட்காரங்கன்னு அவங்க சொந்தத்துல பேசிக்கிறாங்க."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். மலைக்காரன் யாருன்னு அந்தப் பெரியப்பாவுக்கு நாங் காட்டுறேன்" என்றேன்.

காட்டினேன்.

யானை நன்றாகவே வந்தது. அதுதான் இந்தக் கதையின் சோகம். வாழ்க்கையில் முதல் முறையாக நான் செதுக்கிய மிருகத்தை எல்லோரும் அந்த மிருகம் என்றே அடையாளம் கண்டுகொண்டார்கள். சிக்கல் மையில் வந்தது. மாசி மாதக் காலைக் குளிரில் என் எண்ணெய் மை இறுகித் தார்போல உட்கார்ந்துவிட்டது. ரோலர் நகரவில்லை. மையை இளக்க ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு விடச் சொன்னார் வீடியோக்காரர். சூரியநெல்லியில் ஆளிவிதை எண்ணெய்க்கு நான் எங்கே போவது? எண்ணெய் எண்ணெய்தானே என்று, அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாக நிற்கும். அடுப்படியில் காட்டி உருக்கித்தான் தலைக்கே வைப்போம். நானும் அப்படியே உருக்கி, மையில் தாராளமாக ஊற்றினேன். மை வெண்ணெய்போல ஓடியது. அந்த வெள்ளைக்காரருக்கு இதை எழுதி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

அச்சடித்த பைகளை வீடு முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டேன். ஒரே இரவில் காய்ந்துவிட்டன. தொட்டால் விரலில் ஒட்டவில்லை. ஆனாலும் உறுதி செய்துகொள்ள அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் எந்திரத்தில் வேலை பார்க்கிறவர். ஈரம் எது, காய்ந்தது எது என்பதில் எஸ்டேட்டே அவர் பேச்சைத்தான் கேட்கும். யானையின் வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை முகர்ந்து பார்த்தார். "காஞ்சிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னார்.

(இதைச் சொன்னதாகவே நினைவில்லை என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார்.)

மை காயவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் காய்கிற எண்ணெயே அல்ல. குளிரில் உறையும், சூட்டில் உருகும், அவ்வளவுதான். என் யானைகள் காயவில்லை, உறைந்து தூங்கிக்கொண்டிருந்தன.

கல்யாணம் கொழிஞ்சாம்பாறையில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில். அப்பா, அம்மா, மலர் எல்லோரும் முந்தின நாளே போய்விட்டார்கள். பைகளோடும் மற்றச் சொந்தக்காரர்களோடும் நான் விடியற்காலை வேனில் கிளம்பினேன். மூணாறு தாண்டி, மறையூர் தாண்டி, சின்னாறு காட்டுக்குள் இறங்கும்வரை எல்லோரும் குல்லாவும் ஸ்வெட்டருமாக இருந்தோம். உடுமலையில் டீ குடிக்க நிறுத்தியபோது குல்லா கழன்றது. பொள்ளாச்சியில் ஸ்வெட்டர் கழன்றது. அதற்குப் பிறகு வேனுக்குள் தேங்காய் எண்ணெய் வாசனை கமகமவென்று எழுந்தது. வேனில் அத்தனை பெண்களும் தலை படிய வாரிப் பூ வைத்திருந்தார்கள். எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

மண்டபம் தகரக் கூரை போட்டது. காலையிலேயே உள்ளே அனலடித்தது. பைகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் பழமும் போட வேண்டும். மேசைகளை எல்லாம் சாப்பாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. கரும்பழுப்பு நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலிக்குக் கொஞ்சம் பையென்று அடுக்கிவைத்தேன். படத்தில் தூசி படக் கூடாது என்பதற்காக, யானை கீழே பார்க்கும்படி வைத்தேன். பிறகு போய் இட்லி சாப்பிட்டேன். அதைக்கூட நிதானமாகத்தான் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது பைகளை எங்கள் பக்கத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டு, தேங்காய் போடுவதற்காக உள்ளறைக்குப் போயிருந்தார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக வேலுச்சாமிப் பெரியப்பா. அவருக்கு இடப்பக்கம் அவருடைய சகலை, வலப்பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமன்கள். எல்லோரும் பெரியப்பாவுக்குச் சளைக்காத வெள்ளை வேட்டி. வெயில் ஏறியது. நல்ல உடம்புக்காரர்கள், நன்றாகச் சாய்ந்து அமர்ந்து, கல்யாணம் நடக்கும் விதத்தை மேற்பார்வை பார்த்தார்கள்.

உள்ளறையிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"செல்வம், இங்கிட்டு வா. என்னடா இது, பையத் தொட்டவுக கையெல்லாம் கரியா இருக்கு."

போய்ப் பார்த்தேன். அத்தையின் உள்ளங்கை கறுப்பு. சித்தியின் மூக்கு நுனி கறுப்பு. பையில் இருந்த யானை பளபளவென்று, அப்போதுதான் குளத்திலிருந்து ஏறி வந்ததுபோல ஈரமாக நின்றது. விரலால் தொட்டு முகர்ந்தேன். எங்கள் அம்மாவின் தலை வாசனை.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. பொள்ளாச்சி புரிந்தது, வேன் வாசனை புரிந்தது, நாற்காலிகள் புரிந்தன. சரியாக அப்போது வெளியே கெட்டிமேளம் முழங்கியது.

நான் ஓடி வந்து மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது, தாலி ஏறிக்கொண்டிருந்தது. அட்சதை தூவுவதற்காக முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. வேட்டிகளின் பின்பக்கத்தில், வரிசையாக, யானைகளும் எழுந்து நின்றன.

ஒன்று சொல்ல வேண்டும். பையிலிருந்து நாற்காலிக்குப் போகையில் ஒரு தடவை இடவலம் மாறி, நாற்காலியிலிருந்து வேட்டிக்கு வருகையில் இன்னொரு தடவை மாறி, படம் பையில் இருந்த மாதிரியே நேராக விழுந்திருந்தது. நான் கரண்டி முதுகால் மணிக்கணக்காகத் தேய்த்தும் வராத அழுத்தம், பெரியப்பாவின் எடைக்கு வந்திருந்தது. தேயிலைச் சரிவின் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. தந்தத்தின் நுனி தெரிந்தது. என் கைப்பட உருவானவற்றில் அதைவிடத் துல்லியமான அச்சு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கீழே மூலையில், எல்லோரும் படிக்கும்படி, 'மா.செ.'

பின்வரிசைகளில் அட்சதை தூவ மறந்துவிட்டார்கள். முதலில் ஒரு சிறுமி சிரித்தாள். பிறகு அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், தன் வாயை. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே போயிற்று. மேடையிலிருந்த மலருக்குப் பின்னாலிருந்து அட்சதை வராதது மட்டும்தான் தெரிந்தது. குனிந்த தலையோடு, "என்னாச்சு? ஏன் எல்லாரும் ஒரு மாதிரி நிக்கிறாங்க?" என்று சதீஷிடம் உதடு அசையாமல் கேட்டாளாம். அதற்குள் முன்வரிசையில் ஒரு தாய்மாமன் திரும்பி உட்காரப் போக, சதீஷ் பார்த்துவிட்டான். அவன் மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்ததை வீடியோவில் இப்போதும் பார்க்கலாம். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை அழுதுவிட்டார் என்று ஊரில் சிலர் நம்புகிறார்கள்.

ஒரு தாய்மாமனின் மனைவி ஈரத்துண்டால் துடைத்தாள். அது தவறு. எண்ணெய் மையில் தண்ணீர் என்ன செய்யும்? கொம்பன் எருமையானது. இன்னும் தேய்த்தாள். எருமை பாறையானது. "விடு, விடு, அக்கட்டால போ" என்று அவர் பின்பக்கத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார்.

வேலுச்சாமிப் பெரியப்பா மட்டும் நகரவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆனால் பக்கத்திலிருந்த சகலையின் வேட்டியை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் வேட்டியின் பின்பக்கத்தை மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். மண்டபத்தில் சிரிப்பு அப்படியே அமுங்கிவிட்டது.

"மா.செ.ன்னு போட்ருக்குதே. அது ஆருங்க?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வேனில் வந்த அத்தனை பேரும், இதற்காகவே டிக்கெட் எடுத்து வந்தவர்கள்போல, என்னைப் பார்த்தார்கள். மேடையில் மலரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்க அவள் எத்தனை நாள் அழுதிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். மலைக்காரன் யாரென்று காட்டுகிறேன் என்று நான் சொன்னது அவளுக்கும் நினைவிருக்கும்.

முன்னால் போனேன்.

"நாந்தானுங்க" என்றேன். பிறந்ததிலிருந்து நான் அவர்கள் பக்கத்து 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

"பொண்ணோட அண்ணன் தானே நீங்க?"

"ஆமாங்க. பையில போட்டதுங்க. சேர்ல வெச்சேனுங்க. குளிர்ல காஞ்சிருந்துச்சுங்க. இங்க வந்து..." என்று தகரக் கூரையைக் காட்டினேன்.

பெரியப்பா கையை நீட்டினார். என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தரையில் அடிப்பார் என்று நினைத்தேன். போனைச் சுட்டிக் காட்ட மட்டும்தான் செய்தார்.

"எனக்குச் செரியாத் தெரியலீங்க. பின்னால வந்து ஒரு போட்டோ எடுங்க பாக்கலாம்."

அத்தனை பேர் பார்க்க, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவருடைய பின்பக்கத்தைப் படமெடுத்தேன். முதல் படத்தில் என் கட்டைவிரல்தான் விழுந்திருந்தது. இரண்டாவது எடுத்தேன். அவர் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கினார். முகட்டைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். கொம்பில் நிறுத்தினார்.

"இது கொம்பனுங்களா?"

"ஆமாங்க."

"முழுசா வந்துருக்குதுங்களே." சகலையின் பக்கம் திரும்பினார். "உங்குளுதையும் திருப்புங்க, பாப்போம்."

சகலை ஒல்லியான மனிதர், நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தவர். அவர் வேட்டியில் யானையின் பின்னங்காலும் வாலும்தான் இருந்தன.

பெரியப்பா அதை நெடுநேரம் பார்த்தார். அவர் மீசை முதலில் ஒரு பக்கம் ஆடியது, பிறகு மறுபக்கமும் ஆடியது. "எனக்குக் கொம்பு. உங்குளுக்கு வாலு" என்றார். அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில்தான் மண்டபமே மூச்சுவிட்டது. அவர்கள் இருவருக்கும் ஏதோ ஒரு தோப்பு விஷயத்தில் வெகுகாலமாகப் பேச்சு சரியில்லை என்பதை மலர் எனக்குப் பிறகு சொன்னாள். கொம்பு யாருக்கு என்ற கேள்வி அந்தக் குடும்பத்தில் பல வருஷமாகத் தீராமல் இருந்ததாம்.

சதீஷின் அப்பா மாற்று வேட்டி கொண்டு வந்து நீட்டினார். மற்ற எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். பெரியப்பா மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். பந்திக்கு வந்தவர்களிடம் எல்லாம் முதுகைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் ஒரு மங்கலான யானை. அடுத்த பந்தியில் அதே இடத்தில் உட்கார்ந்தவரின் வேட்டியில் இன்னும் மங்கலாக ஒன்று. சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்யும்போது அது எங்கே போய் நின்றது என்று யாருக்கும் தெரியாது. தாம்பூலத்தை வந்தவர்களின் கையிலேயே கொடுத்து அனுப்பினோம். தேங்காயைக் கையில் ஏந்திக்கொண்டு ஆட்கள் பஸ் ஏறினார்கள்.

மலர் என்னுடன் மறுவீடு வரைக்கும் பேசவில்லை. மறுவீட்டிலும், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள். நான் "உம்" என்றேன். அதற்கே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்போம். கல்யாணத்துக்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தபோது, நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஆட்காட்டி விரலால் அதைத் தொட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார். வேண்டுமென்றே செய்தார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த முறை சகலையும் செய்தார். பிறகு தாய்மாமன்கள், அவர்கள் மனைவிமார், சதீஷ் என்று அந்தக் குடும்பமே எங்கள் வீட்டில், பிறகு அவர்கள் வீட்டில், பிறகு எந்த வீட்டிலும் உட்காருவதற்கு முன் ஒரு விரல் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் மொத்தக் கூட்டமும் ஒன்றாக அப்படிச் செய்ய, அந்த வீட்டுக்காரர்கள், வீடு சுத்தமில்லை என்கிறார்களோ என்று முகம் சுளித்ததாகக் கேள்வி.

போன மாதம் நான் கொழிஞ்சாம்பாறையில் மலர் வீட்டில் இருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. அவள் மகள் அப்போதுதான் அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். டீச்சர் பேசினார். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள், பாடுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் உட்காரச் சொன்னால் நாற்காலியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள், இப்போது மற்றக் குழந்தைகளும் அவளைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டார். மலர் போனை என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லு" என்றாள்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது. டீச்சர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.